சோற்றை விடுவதா, குறைப்பதா?



கொட்டாஞ்சேனையில் சீனி வருத்தமுள்ள சகோதரி ஒருவர் சோறு, பாண், இடியப்பம் யாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினார். குளிசையை மட்டும் வழமைபோல் விழுங்கினார். சில நாள் சென்று, லுஹர் தொழுகையில் நின்றவருக்கு வியர்த்துக் கை நடுங்கிக் கண் இருண்டது. சீனித் தண்ணீர் பருக்கியபின்பே தெளிந்தார். பயந்துபோய், மறுநாளே பழையபடி கோப்பை நிறையச் சோற்றுக்குத் திரும்பினார். இரண்டுமே தவறு.

2018-2019 காலத்தில் நம் நாட்டில் நடந்த ஆய்வொன்று, வளர்ந்தோரில் 100 பேருக்கு 23 பேர் நீரிழிவுள்ளோர் எனக் கண்டது. இது உங்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம்.

சோறும் பாணும் ரொட்டியும் மரவள்ளியும் மாச்சத்து. அதுவே சீனியாகி இரத்தத்தில் சேர்கிறது. சிவப்பரிசி, குரக்கன் என்றாலும் அளவு வேண்டும். மாச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சீனி இறங்கும் என்பதை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019இல் ஏற்றது. ஆனால், 6 மாதத்தில் கிடைத்த பலன் ஓராண்டில் தேய்ந்ததை, 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆகவே நெடுநாள் கடைப்பிடிக்கக் கூடியதையே தேர்ந்தெடுங்கள்.

கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு, கால் பங்கு சோறு. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் வல்லாரையும் கங்குனும் கத்தரிக்காயும் இதற்குப் போதும். தேத்தண்ணீரில் சீனியைப் படிப்படியாகக் குறையுங்கள். நோயாளிக்கெனத் தனிச்சட்டி வேண்டாம். வீடே இப்படி உண்ணட்டும். கல்யாண வீட்டில் சஹனில் பலரோடு அமர்ந்தால் உண்ட அளவு தெரியாது. முதலில் இறைச்சியையும் சலாதையும் உண்டு, பின்னர் சில கவளத்தோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, வீண்விரயம் ஆகாதென்று சட்டியடிச் சோற்றையும் உண்பவர் நீங்கள்தானே? விரயத்துக்குப் பரிகாரம் உங்கள் வயிறல்ல. அரிசியை அளந்து உலையிலிடுவதே.

குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவையும் மாற்றவேண்டி வரலாம். நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே சீனித் தண்ணீர் அருந்துங்கள். அது பத்தியத்தை முறிப்பதாகாது.

வயிற்றில் மூன்றிலொரு பங்குதான் உணவுக்கென்று நமக்குக் கற்றுத்தந்தார்கள் நபி (ஸல்) அவர்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் பொறுமையை அவன் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.