சிறு விமானத்துக்கு இரண்டாவது வாசல்

இலக்கணப் போலிக்கு உதாரணம் கேட்டால் தமிழாசிரியர்கள் முதலில் சொல்லும் சொல் ‘வாயில்’. இல்லத்தின் வாய், அதாவது ‘இல்வாய்’ என்பது முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று என்பார்கள். வாய் என்றால் திறப்பு. சுவரில் திறப்பு வைத்தால் அதற்கு மேலே இருக்கும் சுவரை யாராவது தாங்கியாக வேண்டும். அதற்காகத்தான் நம் முன்னோர் நிலையும் உத்தரமும் வைத்தார்கள். இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், பழைய சிறு விமானம் ஒன்றுக்குப் புதிதாக இன்னொரு கதவு வைப்பது ஏன் பெரிய வேலை என்பது எளிதில் விளங்கிவிடும்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. நம் விமான நிலையமே சிறு விமானங்களுக்காகப் பிறந்தது. 1932இல் கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் பறக்கும் மன்றத்தின் திடலாகத் தொடங்கியது அது. 1935 அக்டோபர் 29 அன்று பம்பாயிலிருந்து டாடா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் இங்கே வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வைஸ்ராய் அனுப்பிய வாழ்த்தும் அதில் வந்தது. நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர் அஞ்சல் தபாலோடு இங்கிருந்து முதல் விமானம் பம்பாய்க்குப் புறப்பட்டது. அந்த ஃபாக்ஸ் மாத்தில் பயணிகள் முன்னால் மூடிய அறைக்குள் உட்காருவார்கள். விமானி பின்னால் திறந்த இருக்கையில் காற்றிலும் மழையிலும் உட்கார்ந்து ஓட்டுவார். யார் எங்கே ஏறுவது, எப்படி இறங்குவது என்பது அந்தக் காலத்திலிருந்தே சிறு விமானத்தில் ஒரு சங்கடம்தான்.

ஒரே கதவு ஏன்?

1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் செய்த பைப்பர் கப், ஏரோன்கா சாம்ப் போன்ற இருவர் விமானங்களுக்கு ஒரே கதவுதான், வலப்பக்கம். இடப்பக்கச் சுவர் சும்மா இருப்பதில்லை. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி அங்கேதான் இருக்கிறது. பிற்காலத்து பைப்பர் செரோக்கியிலும் வலப்பக்கம் ஒரே கதவு. இடப்பக்கம் உட்காரும் விமானி, பக்கத்தில் இருப்பவர் இறங்கிய பிறகுதான் வெளியே வர முடியும்.

சாதாரண நாளில் இது பெரிய கஷ்டமில்லை. விமானம் வலப்பக்கம் சாய்ந்து விழுந்து, கதவு மண்ணோடு அழுந்திவிட்டால் என்ன பண்ணுவது? பெட்ரோல் கசியும் நேரத்தில் ஒவ்வொரு நொடியும் உயிர் விலை. இரண்டாவது கதவு வேண்டும் என்று கேட்பவர்களின் முதல் நியாயம் இதுதான். முதியவர்கள் ஏற வசதி, சாமான் ஏற்ற வசதி என்பதெல்லாம் அப்புறம்.

எலும்புக்கூட்டை வெட்டலாமா?

அந்தக் காலத்து விமானங்கள் பலவற்றுக்கு உடம்பு என்பது உருக்குக் குழாய்களைப் பற்றவைத்த கூடு. மேலே போர்த்தியிருப்பது துணிதான். துணியைக் கிழித்தால் கதவுக்கு இடம் கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் துணிக்குப் பின்னால் மூலைவிட்டமாக ஒரு குழாய் ஓடும். அதுதான் வில்லங்கம்.

நான்கு குச்சியை நான்கு ஆணியால் சேர்த்து ஒரு சதுரம் செய்து பாருங்கள். ஒரு மூலையை அழுத்தினால் சதுரம் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சியைச் சாய்வாக அடித்துவிட்டால் அசையாது, ஏனென்றால் இப்போது அது இரண்டு முக்கோணம். விமானக் கூடும் முக்கோணங்களால்தான் நிற்கிறது. கதவு வைக்க வேண்டுமானால் அந்தச் சாய்வுக் குழாயை எடுக்க வேண்டும். எடுத்தால் முக்கோணம் போய்ச் சதுரமாகிவிடும். அதுவும் எந்த இடத்தில்? இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பி வந்து சேருவதும், தரையில் மோதும் சக்கரத்தின் அதிர்ச்சி ஏறுவதும் அதன் பக்கத்தில்தான். உடம்பிலேயே அதிகப் பளு சுமக்கும் இடம் அது.

ஆகவே எடுத்த குழாய் சுமந்த பளுவுக்கு வேறு வழி காட்ட வேண்டும். கதவைச் சுற்றிக் கனமான குழாயால் நிலை அமைக்கிறார்கள். மூலைகளில் முக்கோணத் தகடு பற்றவைக்கிறார்கள். கதவின் கீழேயும் கூரையிலும் புதிய சாய்வுகள் கொடுக்கிறார்கள். வெட்டுவதற்கு முன்பே கூட்டைச் சட்டத்தில் இறுக்கிப் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பற்றவைக்கும் சூட்டில் உடம்பு கோணிப்போகும். அப்புறம் விமானம் நேராகப் பறக்காது.

அலுமினியத் தகட்டு விமானங்களில் நிலைமை வேறு. அங்கே தோலே எலும்பின் வேலையில் பாதியைச் செய்கிறது. தோலில் ஓட்டை போட்டால் விளிம்பைச் சுற்றி இரட்டைத் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும். 1954இல் கடலில் விழுந்த காமெட் ஜெட் விமானங்கள் உலகத்துக்குக் கற்பித்த பாடம் இது. கடலடியிலிருந்து எடுத்த பாகங்களை ஆராய்ந்தபோது, கூரையில் இருந்த திறப்பின் மூலையருகே உலோகம் களைத்து விரிந்திருந்தது தெரிந்தது.

வெள்ளிக்கோல் கணக்கு

சாலைக் கடைத்தெருவில் முன்பு வெள்ளிக்கோல் பிடித்து நிறுப்பார்கள். கோலில் கயிற்றைச் சற்று நகர்த்தினால் எடையே மாறிவிடும். விமானமும் அப்படித்தான். பாரம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி; எந்த இடத்தில் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. உதாரணத்துக்கு, 500 கிலோ விமானத்தில் சமநிலைப் புள்ளிக்கு 50 சென்டிமீட்டர் பின்னால் 6 கிலோ எடையுள்ள கதவும் நிலையும் சேர்ந்தால், 6ஐ 50ஆல் பெருக்கி 506ஆல் வகுக்க வேண்டும். புள்ளி அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பின்னால் நகரும். இது பொறுக்கக்கூடியதுதான். ஆனால் சிறு விமானத்தில் அந்தப் புள்ளி நகர அனுமதி சில அங்குலங்களே. ரேடியோ, பெரிய பேட்டரி என்று முன்பே சேர்த்தவையும் கூடிவிட்டால், மிகவும் பின்பாரமான விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு விமானியின் கைக்கு அடங்காது. அதனால் வேலை முடிந்ததும் விமானத்தை மறுபடி நிறுத்துப் புதுக் கணக்கு எழுதுவது கட்டாயம்.

கதவிலும் நுணுக்கம் உண்டு. கீல் முன்பக்கம் இருந்தால் எதிர்க்காற்றே கதவைச் சாத்தி வைக்கும். ஆனாலும் பறக்கும்போது வெளியே காற்றழுத்தம் குறைந்து கதவை வெளிப்பக்கம் இழுக்கும். தாழ் பலமாக இருக்க வேண்டும். நடுவானில் கதவு லேசாகத் திறந்துகொண்டால் பெரும்பாலும் சத்தமும் குளிரும்தான். கதவைச் சாத்தப் போய் ஓட்டுவதை மறப்பதுதான் ஆபத்து என்று விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

உயிருக்காகத் திறந்த கதவு

இத்தனை பாடுபட்டு யாராவது கதவு வைத்தார்களா என்று கேட்கலாம். வைத்தார்கள், அதுவும் நம் எல்லைக்குப் பக்கத்தில் பறந்த ஒரு விமானத்துக்கு. இரண்டாம் உலகப் போரில் 1944இல் பர்மாக் காடுகளில் காயம்பட்ட வீரர்களை, வெட்டவெளியில் இறங்கி ஏற்றி வந்தவை ஸ்டின்சன் எல்-5 என்ற சிறு விமானங்கள். உருக்குக் குழாய் உடம்பு, முன்னும் பின்னுமாக இருவர் உட்காரும் இடம். அதிலே படுத்த நோயாளியை எப்படி ஏற்றுவது? எல்-5பி என்ற மாற்று வடிவில் பின்னுடம்பை அகலமாக்கி, கீழ்நோக்கித் திறக்கும் பெரிய கதவு வைத்தார்கள். ஸ்ட்ரெச்சரோடு ஆளை உள்ளே தள்ளிவிடலாம். கவனியுங்கள், கதவை மட்டும் வெட்டி ஒட்டவில்லை. கதவுக்காக உடம்பையே திருத்தி அமைத்தார்கள்.

யார் அனுமதி தருவது?

இப்படிப்பட்ட மாற்றத்தைப் பட்டறைக்காரர் கெட்டிக்காரர் என்பதற்காகச் செய்துவிட முடியாது. நம் நாட்டில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் வேண்டும். பழைய 1934ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி முதல் பாரதிய வாயுயான் அதினியம் வந்திருக்கிறது. ஆனாலும் வரைபடம், பலக் கணக்கு, சோதனை இவற்றைக் காட்டி ஒப்புதல் பெறும் முறை மாறவில்லை.

பழம்பொருளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 1932இல் தாம் தொடங்கிய தபால் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டில், 1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பழைய லெப்பர்ட் மாத் விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். அப்படிப்பட்ட விமானத்தின் மதிப்பு, அது பிறந்தபடி இருப்பதில்தான். வெட்டிய குழாயை மறுபடி ஒட்டலாம். பழைய குழாய் ஆகாது.

என் கணிப்பு இது: காட்சிக்கு நிற்கும் விமானத்தில் கை வைக்காதீர்கள். ஆள் ஏறிப் பறக்கும் விமானம் என்றால், வெளியே வர இரண்டாவது வழி இருப்பது நல்லதே. ஆனால் எடுக்கப் போகும் குழாயைக் காட்டி, “இது சுமந்த பளுவை இனி யார் சுமப்பார்?” என்று முதலில் கேளுங்கள். காகிதத்தில் அதற்குப் பதில் எழுதிக் காட்டுகிறவர் கையில் மட்டும் ரம்பத்தைக் கொடுங்கள்.