கோ கொடுக்கத் தெரிந்தவளே தலைவி

"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால் தேர் இழுப்பவர்கள் எல்லோரும் ஒரே வடத்தைப் பிடித்து ஒரே பக்கமாக இழுக்கிறார்கள். வியாபாரமும் தொழிலும் அப்படிப்பட்டவை அல்ல. அங்கே ஒருவர் சரக்கு வாங்குகிறார், ஒருவர் விற்கிறார், ஒருவர் கணக்கு எழுதுகிறார், ஒருவர் மூட்டை சுமக்கிறார். வெவ்வேறு வேலை செய்யும் இவர்களை ஓர் அணியாக நடத்துவது எப்படி? இதற்கான விடை நம் பள்ளி மைதானத்திலேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஆம், நாம் மாலை நேரங்களில் ஆடும் கோ-கோ விளையாட்டுத்தான் அந்த விடை!

இதை நான் வெற்றியால் அறியவில்லை, தோல்வியால் அறிந்தேன்.

சென்ற ஆண்டு இல்லங்களுக்கிடையே நடந்த கோ-கோ போட்டியில் எங்கள் இல்லத்துக்கு நான் தலைவி. வேகமாக ஓடுவேன் என்ற கர்வம் எனக்கு உண்டு. எதிரணிப் பெண் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இடையே புகுந்து மறுபக்கம் போனபோதெல்லாம், கோ கொடுக்காமல் நானே கம்பத்தைச் சுற்றி ஓடித் துரத்தினேன். எட்டுத் தோழிகள் எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கிய பிறகுதான் அவர்கள் நினைவு வந்தது. தோற்றோம். அழுதுகொண்டே வந்த என்னிடம் விளையாட்டு ஆசிரியை, "நீ ஒருத்தி ஓடினாய், எட்டுப் பேரை உட்கார வைத்துவிட்டாய்" என்றார். அச்சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

ஆட்டத்தின் அமைப்பு

பெற்றோர்களில் சிலர் இவ்விளையாட்டை ஆடியிருக்க மாட்டார்கள் என்பதால் விதிகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன். நாங்கள் ஆடும் ஆட்டத்தில் துரத்தும் அணியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் மைதானத்தின் நடுக்கோட்டில் வரிசையாக உட்காருவார்கள். ஒருவர் கிழக்கு நோக்கினால் அடுத்தவர் மேற்கு நோக்க வேண்டும். ஒன்பதாவது பெண் துரத்துவாள். ஓடும் அணியினர் நடுக்கோட்டை எங்கு வேண்டுமானாலும் கடக்கலாம். துரத்துபவள் கடக்கக் கூடாது. ஓடத் தொடங்கிய திசையிலிருந்து திரும்பவும் கூடாது. மறுபக்கம் போக வேண்டுமானால் கோட்டின் முனையிலுள்ள கம்பத்தைச் சுற்ற வேண்டும். இல்லையேல், தனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் தோழியைத் தொட்டு "கோ" என்று சொல்ல வேண்டும். உடனே அவள் எழுந்து மறுபக்கம் பாய்வாள். கொடுத்தவள் அவள் இடத்தில் உட்காருவாள்.

இந்த எளிய விதிகளுக்குள் தொழில் நடத்துவோருக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. அவற்றைக் காண்போமா?

முதற்பாடம்: காலத்தில் கொடு

கோவைத் தாமதமாகக் கொடுத்தால் ஓடுபவள் தப்பிவிடுவாள். கோ கிடைக்கும் முன்பே ஒருத்தி எழுந்துவிட்டால் நடுவர் தவறு என்று ஊதிவிடுவார். எனவே கொடுப்பவளுக்கும் பெறுபவளுக்கும் முன்கூட்டியே பயிற்சி வேண்டும்.

எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றை அப்பாவின் அனுமதியுடன் எழுதுகிறேன். அப்பா கொடைக்கானலில் சிறு மளிகைக்கடை நடத்துகிறார். எங்கள் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி ஏப்ரல், மே மாதச் சீசனில்தான் வரும். சரக்கின் விலை, வத்தலக்குண்டு மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, ஓட்டல்காரர்களின் கடன் எல்லாம் அப்பாவின் தலைக்குள்ளேயே இருந்தன. ஒரு மே மாதம் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கடையில் வேலை செய்யும் அண்ணனுக்கு விலை தெரியவில்லை. அம்மாவுக்குக் கணக்கு தெரியவில்லை. ஊரெல்லாம் மலர்க் கண்காட்சிக் கூட்டம். எங்கள் கடை மட்டும் நான்கு நாள் பூட்டிக் கிடந்தது. அந்த ஆண்டு பள்ளிக் கட்டணம் கட்ட அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று.

கோ-கோவில் நான் செய்த தவறும் இதுவும் ஒன்றுதானே? அப்பா சோம்பேறி அல்ல. எல்லோரையும்விட அதிகமாக உழைத்தவர் அவர். ஆனால் பிறருக்கு வேலையைக் கற்றுக் கொடுக்காத உழைப்பு, உழைப்பவர் விழுந்ததும் நின்றுவிடுகிறது.

இரண்டாம் பாடம்: எதிர்த்திசை பார்ப்பவரைக் கேள்

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஓடுபவள் மறுபக்கம் போனதும் ஆட்டம் முடிந்துவிடும். நமக்கு முதுகு காட்டி இருப்பவளே நம்மால் முடியாததைச் செய்யக்கூடியவள்.

இதற்குச் சான்று நம் மலைக்கு அடுத்த மலையிலேயே உள்ளது. பேரிஜம் ஏரியைத் தாண்டி மூணாறு நோக்கி ஒரு பழைய காட்டுச்சாலை உண்டு. இப்போது அதில் பொதுப் போக்குவரத்து இல்லை. மூணாற்றின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பலர் தமிழர்கள். அங்கே தோட்டங்களின் அணிகள் மோதும் ஃபின்லே கேடயக் கால்பந்துப் போட்டி சுதந்திரத்திற்கு முன்பே தொடங்கியது. 2005ஆம் ஆண்டில் டாட்டா டீ நிறுவனம் அத்தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகியது. அப்போது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி என்ற புதிய நிறுவனம் உருவாயிற்று. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதில் பங்குதாரர் ஆயினர். கொழுந்து கிள்ளும் பெண்ணும் கம்பெனியில் ஒரு பங்காளி! எத்தனை அழகிய ஏற்பாடு!

ஆனால் 2015 செப்டம்பரில், முன்பு 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்போது அப்பெண்களின் நாட்கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு சாலையில் அமர்ந்துவிட்டார்கள். தங்களுக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் விலகி நிற்கச் சொன்னார்கள். "பெம்பிளை ஒருமை" என்று அவர்களின் ஒற்றுமைக்குப் பெயர் வந்தது. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் தர உடன்பாடு ஏற்பட்டது.

லாபம் குறைந்தது என்று கம்பெனி காரணம் கூறியது. தலைமை கணக்குப் புத்தகத்தைப் பார்த்தது. பெண்கள் அரிசிப் பானையைப் பார்த்தார்கள். பார்த்த திசைதான் வேறு. மறுபக்கம் பார்ப்பவரை முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை துன்பம் வந்திராது என்பது என் தாழ்மையான கருத்து. பங்குப் பத்திரம் கொடுப்பதால் மட்டும் அணி உருவாகிவிடாது. கேட்கும் காதும் தலைமைக்கு வேண்டும்.

மூன்றாம் பாடம்: எழுந்தவர் உட்காரவும் வேண்டும்

கோ கொடுத்தவள் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. தோழி விட்டுச் சென்ற இடத்திலேயே உட்காருகிறாள். கோ-கோவில் உட்காருவது தாழ்வு அல்ல. அடுத்த பாய்ச்சலுக்கான ஆயத்தம்.

1959 மார்ச் 15 அன்று பம்பாயில் கிர்காம் பகுதியில், ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதலீடு, கடன் வாங்கிய 80 ரூபாய். அன்று இட்டது நான்கு பொட்டலங்கள். அதுவே இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினராக உள்ள லிஜ்ஜத் அப்பள நிறுவனம். அங்கே சிலர் மாவு பிசைகிறார்கள். பலர் அதை வாங்கிச் சென்று வீட்டில் இட்டு மறுநாள் கொண்டு வருகிறார்கள். சிலர் எடை போட்டுத் தரம் பார்க்கிறார்கள். எல்லோரும் உரிமையாளர்கள், எல்லோரும் "சகோதரிகள்". கிளையை நடத்துபவரும் அப்பளம் இட்ட உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார். தலைமை என்பது நிரந்தர நாற்காலி அல்ல, கைமாறும் பொறுப்பு என்பதை அப்பெண்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிரூபித்து வருகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை

விளையாட்டும் வியாபாரமும் முற்றிலும் ஒன்றல்ல. ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தோற்றவள் மறுநாள் மீண்டும் ஆடலாம். தொழில் தோற்றால் குடும்பங்களின் அடுப்பு அணைகிறது. மைதானத்தில் ஒருவர் தோற்றால்தான் மற்றவர் வெல்ல முடியும். கடைத்தெருவில் பக்கத்துக் கடைக்காரரும் பிழைக்கலாம், நாமும் பிழைக்கலாம். ஆகவே விளையாட்டிலிருந்து ஒற்றுமையைக் கற்போம்; பிறரை வீழ்த்தும் வெறியை மைதானத்திலும் கூட வேண்டாம்.

2025 ஜனவரியில் புதுதில்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில் இந்திய ஆண்கள், பெண்கள் ஆகிய இரு அணிகளுமே நேபாளத்தை வென்று கோப்பை பெற்றன. பெண்கள் இறுதி ஆட்டத்தில் நம் அணி 78 புள்ளிகளும் நேபாளம் 40 புள்ளிகளும் எடுத்தன. அந்தச் செய்தியை அப்பாவுக்குக் காட்டியபோதுதான் கோ கொடுக்கும் விதியை அவருக்கு விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் கடையில் ஒரு விலைப்பட்டியல் தொங்கியது. இப்போது பாக்கிக் கணக்கை அம்மா எழுதுகிறார். வத்தலக்குண்டுக்குச் சரக்கு எடுக்க அந்த அண்ணனே போய் வருகிறார். சென்ற சீசனில் அப்பா இரண்டு நாள் ஊரில் இல்லை. கடை திறந்தே இருந்தது.

இவ்வாண்டு எங்கள் இல்லத்துக்கு வேறொரு தோழி தலைவி. நான் வரிசையில் மூன்றாவது இடத்தில் உட்காருகிறேன். அவள் எப்போது கோ கொடுப்பாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். அன்புத் தோழியரே! நாளை நம்மில் சிலர் கடை நடத்தலாம்; சிலர் அலுவலகமோ, மருத்துவமனையோ, பள்ளியோ நடத்தலாம். எங்கிருந்தாலும் அருகில் இருப்பவரை நம்பிக் காலத்தில் கோ கொடுப்போம். கூடி உழைப்போம்; கோடி நன்மை பெறுவோம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி