மாத்திரை தொடங்கிய பிறகும் ஏன் இறக்கிறார்கள்?

காசநோய்க்கு மருந்து உண்டு. ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். இது ஊரறிந்த செய்தி. ஆனாலும் நோய் தெரிந்து, மாத்திரையும் தொடங்கிய பிறகு சிலர் இறந்துபோகிறார்கள். அந்த இறப்புகளில் பெரும்பங்கு முதல் இரண்டு மாதங்களில், அதிலும் தொடக்க வாரங்களில் நேர்கிறது. “மாத்திரையைப் பாதியில் விட்டிருப்பார்” என்று நோயாளி மேல் பழிபோட்டே நமக்குப் பழக்கம். விடுவது ஆபத்துதான். ஆனால் இரண்டாவது வாரத்தில் இறந்தவர் எதைப் பாதியில் விட்டிருக்க முடியும்?

அவர் சிகிச்சைக்கு வந்தபோதே உடம்பு எவ்வளவு தேய்ந்திருந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். 165 செ.மீ. உயரமுள்ளவர் குறைந்தது 50 கிலோ இருக்க வேண்டும். 38 கிலோவில் வருகிறார் என்றால் அவருடைய உடல் நிறைக் குறியெண் 14-க்கும் கீழே. மருந்து கிருமியைக் கொல்லத் தொடங்கினாலும், அதுவரை தாக்குப்பிடிக்கச் சேமிப்பு எதுவும் அந்த உடம்பில் இல்லை. திடீரென்று வயிறு நிறையச் சோறு போடுவதும் தீர்வாகாது. ரத்தத்தில் உப்புச்சத்துகளின் அளவு சரிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, கண்காணிப்போடு ஊட்ட வேண்டும்.

தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதைத்தான் பிடித்துக்கொண்டது. சென்னையிலுள்ள தேசிய நோய்த்தொற்று அறிவியல் நிறுவனம் இதில் மாநில அரசுடன் கைகோத்தது. புதிதாக நோய் உறுதியானவரிடம் சுகாதாரப் பணியாளர் ஐந்தே விஷயங்களைப் பார்க்கிறார்: உடல் நிறைக் குறியெண், கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா. மூச்சு 24-ஐத் தாண்டினாலும், ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போனாலும் மருத்துவமனையில் சேர்க்கப் பரிந்துரை. எக்ஸ்ரேகூட வேண்டாம், எடைக்கருவியும் உயரம் அளக்கும் கோலும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காசநோயாளிக்குச் சானடோரியம் தேவையில்லை, வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1950-களின் இறுதியில் உலகுக்கு நிரூபித்ததும் இதே சென்னைதான், சேத்துப்பட்டு ஆய்வு மையத்தில். அந்த முடிவு இன்றும் சரி. ஆனால் ‘எல்லோருக்கும் வீடே போதும்’ என்று அது மெல்ல மெல்லப் புரிந்துகொள்ளப்பட்டதில்தான் மிகவும் நலிந்தவர்கள் கண்ணில் படாமல் போனார்கள் என்று தோன்றுகிறது.

முதுமை, எச்.ஐ.வி., சர்க்கரை நோய், குடிப்பழக்கம், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி, மூளையுறையைத் தாக்கும் காசநோய் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை. இவற்றில் சிலவற்றை மாற்றவே முடியாது. எடையை மாற்ற முடியும். ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்து நடத்தப்பட்டு, 2023-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு அது வெறும் இரண்டு கிலோ.

ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதத்துக்கு 1,000 ரூபாய். விலைவாசிக்கு அது போதாது. இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் மாத்திரை தொடங்கியிருந்தால், எடையும் ஆக்சிஜனும் பார்த்தார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, எழுந்து நிற்க முடியாமல் போனாலோ அடுத்த மாத்திரை வாங்கும் நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.