மழைக்குப் பஞ்சமில்லை, மண்ணுக்குத்தான் பஞ்சம்!

ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை கொட்டும் தீவு சிங்கப்பூர். அந்தத் தீவிலேதான் 1963-லே தண்ணீருக்கு ரேஷன் வந்தது! அவ்வாண்டு வானம் பொய்த்தது உண்மை. ஆனால் பெய்ததைப் பிடித்துவைக்க இடமில்லாத சின்னஞ்சிறு தீவு என்பது அதைவிடப் பெரிய உண்மை.

பிறகு குடித்தது எதை? கடலுக்கு அப்பால் ஜோகூரிலிருந்து குழாயில் வந்த நீரை. 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன். ஆயிரம் காலனுக்கு மூன்று காசு. குழாய் அடுத்தவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? 1942-லே பாலத்தோடு குழாயும் தகர்ந்தது. தண்ணீர் வற்றிய நகரம் இரண்டே வாரத்தில் ஜப்பானியரிடம் பணிந்தது!

கட்டடம் பெருகினால் நீர்நிலை சாகும் என்பதுதான் உலகெங்கும் காணும் கதை. இங்கோ நகரத்தையே ஏரியின் நீர்ப்பிடிப்பாக மாற்றினார்கள். சூட்சுமம் இதுதான்: சாக்கடைக்கு ஒரு குழாய், மழைக்குத் தனிக் கால்வாய். இரண்டும் கலக்கவே கூடாது. அப்படியானால் கூரையிலும் தெருவிலும் விழும் மழை நீர்த்தேக்கத்துக்குப் போகலாமே! 1986-லே செலேத்தார், பெடோக் திட்டம்; 2008-லே கடல்வாயை அடைத்து மரினா அணைக்கட்டு. இன்று தீவின் மூன்றில் இரு பங்கு நிலம் நீர்ப்பிடிப்பு.

அடேயப்பா என்கிறோம். ஆனால் விலை கொடுத்தவர் யார்?

1977 முதல் 1987 வரை ஆறுகளைத் துப்புரவாக்கினார்கள். கழிவு ஆற்றிலே விழுகிறது என்று 610 பன்றிப் பண்ணைகள் கிளப்பப்பட்டன. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. தெருவோர வியாபாரிகள் கட்டடங்களுக்குள் போனார்கள். சரக்குத் தோணிக்காரர்கள் ஆற்றைவிட்டே போனார்கள். மாற்று வீடு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அடுக்குமாடியிலே கொல்லை ஏது, கோழி ஏது? பரம்பரைத் தொழிலை விட்ட கிழவர் ஐம்பது வயதுக்குமேல் எந்த ஆலையிலே சேருவார்? அணையின் பெருமை பேசுவோர் இதையும் பேசியாக வேண்டும்.

மழையும் போதவில்லை. கழிவுநீரையே வடிகட்டித் தூய்மையாக்கினார்கள். முகம் சுளித்தவர் உண்டு. 2002 தேசிய தினத்தன்று பல்லாயிரவர் அதைக் குடித்துக் காட்டினார்கள்! அதிலே பெரும்பகுதி ஆலைகளுக்குப் போகிறது.

2016-லே ஜோகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் ஐந்தில் ஒரு பங்காக வற்றியது. அடுத்து 2017, 2018 என இரு தவணைகளிலே தண்ணீர்க் கட்டணம் 30 விழுக்காடு ஏறிற்று. தொழிலாளி வீட்டில் முணுமுணுப்பு எழாதா? எழுந்தது. எளிய குடும்பங்களுக்குக் கட்டணக் கழிவை உயர்த்தித் தரவேண்டி வந்தது.