பாலைவன நகரில் வீட்டுப் பஞ்சம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் நகரை வானூர்தியிலிருந்து நோக்குவோர் ஒரு வியப்பைக் காண்பர். நடுவே நெருங்கிய கூரைகள். அவற்றைச் சூழ்ந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் மணலும் பாறையும். வயலில்லை, தோப்பில்லை, குடியிருப்பில்லை. நிலம் இவ்வளவு வெறுமையாய்க் கிடக்கும் ஊரில் வீடு கிடைப்பது அரிது என்றும், கிடைக்கும் வீட்டின் விலை சாதாரண உழைப்பாளிக்கு எட்டாதது என்றும் கூறினால் நம்புவது கடினம். ஆயினும் உண்மை அதுவே. இதற்குக் காரணம் யாது?

இந்நகர் வயதிற் சிறியது. 1905 ஆம் ஆண்டு மே மாதத்தில் புகையிரதக் கம்பனியொன்று தன் தண்டவாளத்தின் அருகேயிருந்த நிலத்தைத் துண்டுகளாக்கி ஏலத்தில் விற்றது. அதுவே நகரின் தொடக்கம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய நாலு அங்குலமே. 1931 ஆம் ஆண்டில் அருகே ஹூவர் அணைக்கட்டு வேலை ஆரம்பமாயிற்று. நீரும் மின்சாரமும் வந்தன. சூதாட்ட மண்டபங்களும் பெரிய விடுதிகளும் எழுந்தன. 1950 இல் நகரின் குடிசனத் தொகை இருபத்தையாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்ட கிளார்க் மாவட்டத்தில் வாழ்ந்தோர் 22 இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

வீட்டுப் பஞ்சத்துக்கு நீர்ப் பஞ்சமே காரணம் என எவரும் முதலில் எண்ணுவர். இந்நகரின் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் கொலராடோ நதியின் மீட் ஏரியிலிருந்தே வருகிறது. அந்த ஏரி வற்றியமையால் 2021 இல் சமஷ்டி அரசாங்கம் முதன்முறையாக நீர்த் தட்டுப்பாட்டைப் பிரகடனம் செய்தது. ஆனால் வீட்டினுள்ளே சமையலுக்கும் குளிப்புக்கும் செலவாகும் நீர் வீணாவதில்லை. அது சுத்தஞ் செய்யப்பட்டு ஏரிக்கே திரும்பிச் செல்கிறது. வெயிலில் ஆவியாய்ப் போவது புற்றரைகளுக்குப் பாய்ச்சும் நீரே. ஆகவேதான், தெருவோரங்களிலும் வாணிப நிலையங்களின் முன்பும் வெறும் அழகுக்காக வளர்க்கப்படும் புல்லை அகற்றும்படி 2021 இல் மாநிலம் சட்டம் இயற்றியது. நீரைப் பற்றிய அச்சம் மெய்யானது. எனினும் வீட்டு விலையை உயர்த்திய பெருங் காரணங்கள் வேறு.

முதலாவது, நிலத்தின் உடைமை. நெவாடா மாநில நிலத்தில் நூற்றுக்கு எண்பது வீதம் சமஷ்டி அரசாங்கத்துக்கே உரியது. நகரின் ஒரு புறம் மலையும் காப்பு நிலமும், மற்றொரு புறம் விமானப்படைத் தளம், கிழக்கே ஏரியைச் சார்ந்த பொதுநிலம். 1998 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நகரைச் சூழ்ந்து ஓர் எல்லையை வகுத்து, அதற்குட்பட்ட அரசாங்க நிலத்தை விற்க இடமளித்தது. அந்நிலம் பெரும்பாலும் சந்தை மதிப்பில் ஏலத்துக்கு வருவதால், பெருமுதல் உடையோர் வாங்குகின்றனர். நிலத்தின் விலை வீட்டின் விலையோடு சேர்கிறது.

இரண்டாவது, பழைய வீழ்ச்சியின் தழும்பு. 2006 இல் நடுத்தர விலை மூன்று இலட்சம் டொலரைத் தாண்டி நின்றது. பின்பு கடன் நெருக்கடி வந்தது. தவணை செலுத்த இயலாதோரின் வீடுகளை வங்கிகள் கைப்பற்றின. 2012 இன் தொடக்கத்தில் அவ்விலை ஓர் இலட்சத்து இருபதினாயிரம் டொலருக்கும் கீழே இறங்கியது. கட்டிட நிறுவனங்கள் பல மூடப்பட்டன. தச்சரும் கொத்தரும் வேறு தொழில் தேடிச் சென்றனர். மலிவாய்க் கிடந்த வீடுகளை முதலீட்டாளர் வாங்கி வாடகைக்கு விட்டனர். குடிபெயர்ந்து வருவோர் மீண்டும் பெருகியபோது, அவர்களுக்கு ஈடாக வீடுகள் எழவில்லை. அயல் மாநிலமாகிய கலிபோர்னியாவில் தம் வீட்டை நல்ல விலைக்கு விற்றவர்களும் வந்தனர். நெவாடாவில் மாநில வருமான வரி இல்லை என்பதும் அவர்களை ஈர்த்தது. 2022 மே மாதத்தில் நடுத்தர விலை 4,80,000 டொலரை எட்டியது.

மூன்றாவது காரணம் நுட்பமானது. அமெரிக்காவில் வீட்டுக் கடன் பெரும்பாலும் முப்பது ஆண்டுகளுக்கு மாறா வட்டியில் வழங்கப்படுகிறது. 2021 தொடக்கத்தில் அவ்வட்டி மூன்று வீதத்துக்கும் குறைவு. 2023 இறுதிப் பகுதியில் ஏழரை வீதத்தையும் கடந்தது. மூன்று இலட்சம் டொலர் கடனுக்கு மூன்று வீத வட்டியில் மாதத் தவணை ஏறக்குறைய 1,265 டொலர். ஏழு வீதமாயின் 1,996 டொலர். குறைந்த வட்டியில் கடன் பெற்றவர் அந்த வீட்டை விற்று, கூடிய வட்டியில் இன்னொன்று வாங்குவாரா? இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார். வட்டி உயர்ந்தால் விலை தாழும் என்பது பொதுவான கணக்கு. இங்கோ வாங்குவோர் குறைந்ததுபோல் விற்போரும் குறைந்தமையால், விலை பெரிதும் இறங்கவில்லை.

இவற்றின் சுமையைத் தாங்குவோர் யார்? விருந்தினருக்கென இந்நகரில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் விடுதி அறைகள் உண்டு. அவ்வறைகளைத் துப்புரவு செய்யும் பெண்ணும், சமையற்கூடத்தில் உழைப்பவரும் தாம் உறங்க ஓர் அறை தேடி அலைகின்றனர். விலை ஏறினால் முன்பே வீடுடையவருக்குச் செல்வம் பெருகும். வாடகைக்கு இருப்பவருக்குச் சேமிப்புக் கரையும்.

பரிகாரம் இல்லாமலில்லை. 1998 ஆம் ஆண்டுச் சட்டமே, குறைந்த வருவாயினரின் வீடுகளுக்காக அரசாங்க நிலத்தைச் சந்தை மதிப்பிலும் குறைத்துக் கொடுக்க வழி வைத்திருக்கிறது. அவ்வழியை விரைந்து பயன்படுத்துதல், சிறு மனைகளில் அடுக்கு வீடுகள் கட்ட இடமளித்தல், புல்லின்றி நீரைச் சேமிக்கும் வீடுகளை அமைத்தல் ஆகியன கைக்கெட்டும் வழிகளாம். பாலைவனத்துக்கு நீரைக் கொண்டுவரத் தெரிந்த நகரம், தன்னை நடத்தும் தொழிலாளிக்கு ஒரு கூரையையும் தேடித் தருதல் வேண்டும்.