மீள்நிகழும் தேதிகளும் பகலொளி சேமிப்பு நேரமும்

பகலொளி சேமிப்பு நேரம் என்பது கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கும் வழக்கம் ஆகும். இந்தியாவில் இவ்வழக்கம் இல்லை. ஆகவே ஒரு நாள் என்பது 86,400 வினாடிகள் என்று எழுதப்பட்ட நிரல் இங்கு பிழையின்றி ஓடிவிடும். அதே நிரல் நியூயார்க்கில் ஒருவருக்கு நாள்தோறும் காலை 8 மணிக்கு மாத்திரையை நினைவூட்ட வேண்டுமானால் கணக்கு தவறும்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், 2007 முதல் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3 மணிக்குத் தாவுகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று 2 மணியிலிருந்து 1 மணிக்குத் திரும்புகிறது. இதனால் நியூயார்க்கில் 2024 மார்ச் 10-ஆம் நாளுக்கு 23 மணி நேரமே இருந்தது. நவம்பர் 3-ஆம் நாளுக்கு 25 மணி நேரம். மார்ச் 9 காலை 8 மணியுடன் 86,400 வினாடிகளைக் கூட்டினால் மறுநாள் காலை 9 மணி வருகிறது. அதன்பின் நவம்பர் வரை மாத்திரை நாள்தோறும் ஒரு மணி நேரம் தாமதமாகும். நவம்பரில் பிழை தானாகவே மறைந்துவிடுவதால், குளிர்காலத்தில் சோதிப்பவர் கண்ணில் அது படுவதில்லை.

எனவே வினாடிகளைக் கூட்டாமல் நாட்காட்டியின் நாளைக் கூட்ட வேண்டும். ஜாவா 8-இல் வந்த தேதி நூலகத்தில், நேர வலயத்துடன் கூடிய தேதிக்கு 'பிளஸ்டேஸ்(1)' கடிகார நேரத்தை மாற்றாமல் மறுநாளைத் தருகிறது. 'பிளஸ்அவர்ஸ்(24)' உண்மையாகக் கழிந்த 24 மணி நேரத்தைக் கூட்டுகிறது. இரண்டும் ஒன்றே என்று எண்ணுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தினமும் 2:30-க்கு நடக்கும் பணிக்கு மார்ச் 10 அன்று 2:30 என்ற நேரமே இல்லை. 1:30-க்கு உரிய பணிக்கோ நவம்பர் 3 அன்று அந்நேரம் இருமுறை வரும்; கவனிக்காவிட்டால் பணம் செலுத்தும் கட்டளை இருமுறை ஓடலாம். ஐகேலண்டர் தரநிலையான ஆர்எஃப்சி 5545-இன்படி, இல்லாத 2:30 என்பது 3:30 ஆகக் கொள்ளப்படும். இருமுறை வருவதில் முதலாவதே கணக்கு. ஆனால் 3:30 ஆகிவிட்ட நாளிலிருந்து அடுத்த நாளைக் கணக்கிட்டால், அதற்குப் பின் எல்லா நாளும் 3:30 ஆகவே நிற்கும். ஆகவே ஒவ்வொரு நிகழ்வையும் தொடக்க நாளிலிருந்தே கணக்கிடுதல் நன்று.

எல்லாவற்றையும் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் (யூடிசி) சேமித்தால் போதும் என்ற அறிவுரை, நடந்து முடிந்தவற்றுக்கே முழுமையாகப் பொருந்தும். 2022 அக்டோபரில் மெக்சிகோ தன் பெரும்பாலான பகுதிகளில் இவ்வழக்கத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பே, 2023 ஜூலையில் மெக்சிகோ நகரில் காலை 9 மணிக்கு நடக்கவிருந்த ஒரு நிகழ்வை உலக நேரம் 14:00 என்று சேமித்திருந்தால், அது காலை 8 மணி ஆகியிருக்கும். எதிர்கால நிகழ்வுக்கு உள்ளூர்க் கடிகார நேரத்தையும் 'அமெரிக்கா/மெக்சிகோ சிட்டி' போன்ற வலயப் பெயரையும் சேமித்து, ஐயானா நேர வலயத் தரவுத்தளத்தைப் புதுப்பித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த ஊரின் வலயம் என்பதை நிரல் தானாக முடிவு செய்ய இயலாது. நியூயார்க்கில் வாரந்தோறும் காலை 9 மணிக்கு நடக்கும் கூட்டம் சென்னையில் குளிர்காலத்தில் இரவு 7:30-க்கும், கோடையில் மாலை 6:30-க்கும் வரும். சென்னையின் 7:30 மாறக்கூடாது என்றால், கோடையில் நியூயார்க்கின் நேரம் 10 மணி ஆகும்.