உணவருகே உறுமும் காவல் நாயைப் பழக்குதல்

நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயா ஆகிய பகுதிகளில் உருளைக்கிழங்கு, கோவா, கரட், லீக்ஸ் முதலிய மரக்கறிகளைப் பயிரிடுவோருக்கும், வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் படிக்கட்டு வயல்களில் நெல் விளைவிப்போருக்கும் நாய் ஓர் இன்றியமையாத துணையாகும். இரவில் பாத்திகளைக் கிளறும் காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் குரைத்து விரட்டுவது அதுவே. அட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் நாய் வளர்ப்போர் பலர். ஆனால் லயக் காம்பராக்கள் நெருங்கியிருப்பதால், நாய் உண்ணும் இடமும் பிள்ளைகள் விளையாடும் வாசலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. உணவருகே உறுமும் நாயை உரிய காலத்தில் பழக்காவிடின், ஒருநாள் அது வீட்டுப் பிள்ளையையே கடித்துவிடக் கூடும்.

உறுமுவதன் காரணம்

தன் உணவு பறிபோகும் என்னும் அச்சமே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஒரே தட்டில் பல குட்டிகளுடன் போட்டியிட்டு வளர்ந்த நாய், அரைவயிறு உண்ணும் நாய், உண்ணும்போது தட்டு பிடுங்கப்பட்ட நாய் ஆகியவற்றில் இக்குணம் எளிதில் தோன்றும். ஆள் நெருங்கும்போது விரைந்து விழுங்குதல், உடல் விறைத்தல், தட்டின்மேல் தலையைத் தாழ்த்தி மறைத்தல், கடைக்கண்ணால் நோக்குதல் ஆகியன முதல் அறிகுறிகள். உறுமல் இவற்றுக்குப் பின்னரே வரும்.

உறுமும் நாயை அடித்தலாகாது. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அடிக்கு அஞ்சி அது உறுமலை அடக்கிக்கொள்ளுமாயினும், உள்ளிருக்கும் அச்சம் குறையாது. பின்னர் எச்சரியாமலே கடிக்கும்.

பழக்கும் முறை

1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், உணவு வருமுன் ஓர் அடையாளத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிவரின், பின்னர் அவ்வடையாளத்தைக் கண்டதுமே நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கும் என்பதை விளக்கினார். இங்கும் அதுவே வழி. ஆள் வருதல் நல்ல உணவு வருவதற்கு அடையாளமாகிவிட்டால், நாயின் அச்சம் படிப்படியாக நீங்கும்.

1. நாள்தோறும் இருமுறை, குறித்த நேரத்தில், நடமாட்டமற்ற ஓரிடத்தில் உணவு வைத்தல் வேண்டும். இரு நாய்கள் இருப்பின் தனித்தனியே, ஒன்றையொன்று காணாதவாறு வைத்தல் நன்று.

2. நாய் அமைதியாக உண்ணக்கூடிய தூரத்தில், ஏறக்குறைய 10 அடிக்கு அப்பால் நின்று, சோற்றினும் அது விரும்பும் பண்டம் ஒன்றைத் தட்டருகே எறிந்துவிட்டு அகலுக. அவித்த இறைச்சித் துண்டு, முட்டைத் துண்டு, உப்புப் போகக் கழுவிய நெத்தலி ஆகியன ஏற்றவை. ஒரு வேளையில் நான்கைந்து முறை இவ்வாறு செய்தல் போதும்.

3. ஆளைக் கண்டதும் நாய் உடல் தளர்ந்து, பண்டத்தை எதிர்பார்த்துத் தலைநிமிருமாயின், அடுத்த நாள் ஓரடி நெருங்கலாம்.

4. தட்டருகே செல்ல இயன்றபின், பண்டத்தைத் தட்டில் இட்டு உடனே விலகுக. இதன்பின்னரே குனிதல், தட்டைத் தொடுதல், தட்டை எடுத்து நல்ல பண்டம் சேர்த்துத் திருப்பி வைத்தல் என ஒவ்வொன்றாகப் பழக்குக.

5. எப்படியிலேனும் நாய் விறைத்தாலும் உறுமினாலும், அதட்டாது பின்வாங்கி, மறுமுறை கூடிய தூரத்திலிருந்து தொடங்குக.

இதற்குச் சில வாரங்கள் செல்லும். வீட்டிலுள்ள பெரியோர் ஒவ்வொருவரும் தனித்தனியே இதைச் செய்தல் வேண்டும். ஒருவரிடம் பழகிய நாய் மற்றவரிடமும் அவ்வாறே இருக்கும் என எண்ணலாகாது. பிள்ளைகளை இப்பயிற்சியில் ஈடுபடுத்தக் கூடாது. பழகிய பின்னரும் நாய் உண்ணுமிடத்துக்கு அவர்களைச் செல்லவிடலாகாது. நாய் கவ்விய பொருளை மீட்கவும் பிடுங்காமல், அதனினும் நல்ல பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்க.

லீக்ஸ், வெங்காயம் கலந்த கறிகளை நாய்க்கு இடலாகாது. அவை நாயின் செங்குருதி அணுக்களை அழிக்கும். சமைத்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கும்.

மிருக வைத்தியரை நாடவேண்டிய வேளை

இம்முறை இலேசாக உறுமும் நாய்க்கே உரியது. முன்னரே கடித்த நாயையும், பாயும் நாயையும், சாதுவாயிருந்து திடீரெனக் குணம் மாறிய நாயையும் அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நோவும் நோயும் இதற்குக் காரணமாகலாம். விசர் நோயாகவும் இருக்கலாம்.

இலங்கையில் 1973-ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டதன் பயனாக இத்தொகை பின்னர் மிகக் குறைந்தது. எனினும் அந்நோய் முற்றாக ஒழியவில்லை. ஆதலின் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுக. கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. காயம் சிறிதென்றும், கடித்தது வீட்டு நாயென்றும் கருதி வாளாவிருத்தல் உயிருக்கே கேடாகும்.

குட்டியாய் இருக்கும்போதே தனித்தட்டில் வயிறார உணவிட்டு, அது உண்ணுகையில் இடையிடையே நல்ல பண்டம் ஒன்றைச் சேர்த்து வருவோருக்கு இத்தொல்லை பெரும்பாலும் நேராது.